பியூலாவுக்கும் டெய்சிக்கும் நடுவே

ஜெபம் பண்ணலம்மா, பயந்துராதிய. வாய்க்குள்ள ஒரு பாட்டு ஓடுது, அதான். நீங்க செய்துங்கநல்லூர்ல ஏறுனதும், எனக்கு அந்தப் பக்கம் ஆம்பள யாராவது உக்காந்திருக்காவளான்னு எட்டிப் பாத்திய, கவனிச்சேன். யாரும் இல்ல. அந்தச் சத்தம் நாந்தான். பொறந்ததுல இருந்தே எனக்குத் தொண்டை இப்பிடி. போன எடுத்து அலோன்னு சொன்னா, "சார், வீட்டுல மேடம் இருக்காங்களா"ம்பாவ. எங்க சார் எடுத்தா, "மேடம், சார் இருக்காங்களா"ம்பாவ. இருபத்தாறு வருஷமா எங்க வீட்டுல இதே கததான்.

சாருன்னா எங்க வீட்டுக்காரவியதான். தனசிங். பத்தாம் கிளாஸுக்குக் கணக்கு எடுக்காவ. எம் பேரு எப்சிபா. பாளையங்கோட்டையில ஒரு கண் ஆஸ்பத்திரியில சீட்டு பதியுற எடத்துல இருக்கேன். வந்திருக்கவங்க பேரச் சொல்லிக் கூப்பிடுதது என் வேல. மைக் உண்டு. நான் தொடுறதே இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கவனும் ஓடி வந்துருவான்.

நீங்க திருச்செந்தூருக்கா? நல்லது, நல்லா கும்பிட்டுட்டு வாங்க. நான் நாசரேத்துல எறங்கிருவேன். அங்க நாளைக்கு ஒரு கல்யாணம். அவிய சர்ச்சுல பேஸ் பாட ஆளில்லன்னு என்னைக் கூப்பிட்டிருக்காவ. நான் ஒண்ணும் பெருமைக்குச் சொல்லல. பெருமை பேசுறது எனக்குப் பிடிக்காது. கேட்டிய, சொல்லுதேன்.

பேஸுன்னா என்னன்னு கேக்கியளா? எங்க சர்ச்சுல பாடுத கூட்டத்துக்குக் கொயர்னு பேரு. அதுல நாலு வரிசை. பொம்பளையள்ல உச்சத்துல பாடுதவ சொப்ரானோ, கொஞ்சம் கீழ பாடுதவ ஆல்ட்டோ. ஆம்பளையள்ல உச்சம் டெனர். எல்லாத்துக்கும் அடியில நிக்கது பேஸ். எங்க சார் டெனர். சும்மா டெனர் இல்ல. கிறிஸ்மஸ் கீத ஆராதனையில ஒரு பாட்டு உண்டு, அதுல மூணாவது வரியில பொம்பளைய எல்லாம் ம்ம்ம்னு இழுத்துட்டு நிப்பாவ, டெனர் மட்டும் தனியா மேல ஏறும். அந்த ஏத்தத்தக் கேக்கதுக்குன்னே சாரோட அக்காமாரு அஞ்சு பேரும் அஞ்சு ஊர்ல இருந்து வருவாவ. அஞ்சாவது பெஞ்சுல வரிசையா உக்காருவாவ. சாருக்கு முந்தி எங்க மாமனார் அதே எடத்துல நின்னு அதையே பாடினாவ. மாமனாரு போன பொறவு, அந்த எடம் வந்ததும் அஞ்சு மயினிமாரும் கைக்குட்டைய எடுத்துருவாவ.

எனக்குக் கல்யாணம் முடிஞ்ச வருஷம் என்னையும் கொயர்ல சேத்துக்கிட்டாவ. ஆல்ட்டோ வரிசை. நான் பாடுனேன். ஒரு வரிதான் பாடிருப்பேன், முன்னால நின்ன நாலு பேரு திரும்பிப் பாத்தாவ. வெளிய வந்ததும் ஆக்னஸ் மயினி, கடைசி மயினி, எல்லார் முன்னாலயும், "தம்பி, ஒம் பொண்டாட்டி தொண்டைக்குள்ள எவனோ ஒளிஞ்சிருக்காம்லா"ன்னாவ. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. வீட்டுக்கு வந்து சார் மெதுவாத்தான் சொன்னாவ. "எப்சி, நீ வாய மட்டும் அசைச்சுக்கோயேன். பாக்கவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

இருபத்தஞ்சு கிறிஸ்மஸ் வாய மட்டும் அசைச்சேம்மா. மீனு மாதிரி. ஆனா சும்மா நிக்கல. பக்கத்துல பாடுதவ தாளப் பாத்துப் பாத்து, எந்தக் கோட்டுல குண்டு இருந்தா எந்தச் சத்தம்னு படிச்சுக்கிட்டேன். அஞ்சு கோடு, அதுல குண்டு குண்டா நோட்டு. அடிக் கோடு E, அதுக்கு மேல G, இப்பிடி. யாரும் சொல்லித் தரல.

போன வருஷம் என்ன ஆச்சுன்னா, பேஸ் வரிசையில மூணு பேரு இருந்தாவ. ஒருத்தரு மக வீட்டோட கோயம்புத்தூர் போயிட்டாரு. இன்னொருத்தருக்குக் குடலிறக்க ஆபரேஷன், மூச்சப் பிடிக்கப்பிடாதுன்னுட்டாவ. மிஞ்சினது கோயில்பிள்ளை அண்ணன் ஒருத்தர்தான். கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. நல்ல மனுஷன், நல்ல குரலு, ஆனா நோட்டு தெரியாது. டெனர் எங்க போகுதோ அதுக்குக் கீழயே தடவித் தடவி வருவாரு.

கொயர் மாஸ்டர் ஜெமிலா. இருபத்தேழு வயசு, ஆர்கன் வாசிக்கா. பத்தாம் கிளாஸ்ல எங்க சார்கிட்டப் படிச்ச பிள்ள. நவம்பர் கடைசியில ஒரு நாள் ப்ராக்டீஸ் முடிஞ்சு, நான் வாசல்ல நின்னு, "செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போனது யாரு"ன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். அவ உள்ள இருந்து ஓடி வந்து, "ஆன்ட்டி, இப்ப பேசுனது யாரு"ன்னா. நாந்தான்னேன். "இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னா. சொன்னேன். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி ஆர்கன்ல ஒவ்வொரு கட்டையா கீழ கீழ அமுக்குனா. நானும் கீழ கீழ போனேன். அவ நிறுத்திட்டா, நான் நிறுத்தல. "ஆன்ட்டி, பேஸ் பாடுதியளா?"

எனக்குச் சிரிப்பு வருது. ஐம்பத்தோரு வயசுல ஒருத்தி வந்து ஒன் தொண்டை வேணும்ங்கா. வீட்டுல சொன்னா சார் தட்டுல இருந்து தலைய எடுக்கவே இல்ல. "இந்த வயசுல எதுக்கு எப்சி? ஊரு சிரிக்கும்." பொறாமைம்மா. வெளிய சொல்லப்பிடாது, ஆனா எனக்கு அப்ப அப்பிடித்தான் தோணுச்சு. நான் ஒரு மணி நேரம் யோசிச்சேன். பொறவு ஜெமிலாவுக்கு போன் போட்டு சரின்னுட்டேன்.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பழைய ரெக்கார்டு அடுக்கி வச்சிருக்க ரூம்ல கதவ அடைச்சுட்டுப் பாடிப் பாத்தேன். ஆபரேஷன் ஆகி கண்ணுல கட்டுப் போட்டிருந்த ஒரு ஐயா, "பக்கத்து ரூம்ல எந்தச் சாமியாரு இருக்காரு"ன்னு நர்ஸ்கிட்டக் கேட்டாராம். நல்லாத்தான் வந்துச்சுன்னு எனக்கு எண்ணம். சனிக்கிழம ப்ராக்டீஸ்ல போயி பேஸ் வரிசையில நின்னு முழு மூச்சோட பாடுனேன். அது ரெம்ப சந்தோசமான பாட்டு, கேட்டியளா, இயேசு பொறந்தாருன்னு குதிச்சுக்கிட்டுப் பாடுத பாட்டு. அன்னைக்கு என்னமோ தெரியல, கேக்கவே துக்கமா இருந்துச்சு. நான் பாடப் பாட துக்கம் கூடிட்டே போச்சு. கோயில்பிள்ளை அண்ணன் பாடுறத நிறுத்திட்டு என் காதுல கேட்டாவ, "யாரு தவறிட்டாவ?"

ஜெமிலா சிரிச்ச சிரிப்புல ஆர்கன் மேலயே விழுந்துட்டா, அது கும்முன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. பொறவுதான் சொல்லுதா. "ஆன்ட்டி, நீங்க ஆல்ட்டோ கோட்டப் படிக்கிய. இது பேஸ் கிளெஃப். அஞ்சு கோடு அதேதான், ஆனா குடியிருக்கவங்க வேற. அடிக் கோடு இங்க E இல்ல, G." வரி ஆரம்பத்துல காது மாதிரி ஒரு சுழியும் பக்கத்துல ரெண்டு புள்ளியும் இருக்கும், என் கையில இருக்க இந்தத் தாள்ல பாருங்க, இந்தா இதுதான். இருபத்தஞ்சு வருஷமா இத நான் அச்சு மை சிந்துனதுன்னு நெனச்சிருக்கேன்.

படிச்சத மறக்கதுதாம்மா கஷ்டம். குண்டப் பாத்ததும் பழைய பேருதான் வாய்ல வருது. G, B, D, F, A. கீழ இருந்து மேல. சமைக்கும்போது சொல்லுவேன், குளிக்கும்போது சொல்லுவேன், தண்ணி ஊத்துனதும் மறந்துரும். நாலாவது நாளு பஸ்ஸுல நிக்கேன், சடார்னு வந்துச்சு. ஞானம், பியூலா, டெய்சி, ஃப்ளோரா, ஆக்னஸ். எங்க மயினிமாரு. இங்கிலீஷ்ல எழுதினா ஞானத்துக்கும் முத எழுத்து G தானே. மூத்தவ ஞானம் அடியில, கடைக்குட்டி ஆக்னஸ் உச்சியில, வயசு வரிசை கூட மாறல. கர்த்தர் எனக்காவே எங்க மாமியாரப் பெக்க வச்சிருக்காரு. அந்த ரெண்டு புள்ளி இருக்குல்லா, அது எப்பவும் F கோட்டுக்கு மேலயும் கீழயுந்தான் நிக்கும். ஃப்ளோரா மயினி ஒருத்திதான் எங்க குடும்பத்துல தோடு போடுதவ. ரெண்டு தோடு. முடிஞ்சு போச்சு. பஸ்ஸுல நின்னுட்டே சிரிச்சேன், டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டு என்னன்னு எறங்கிப் பாத்தாரு.

வீட்டுக்கு வந்து ஒரு தாள்ல அஞ்சு கோட்டுலயும் பென்சிலால மயினிமாரு பேர எழுதி, தையல் மிஷின் டிராயர்ல வச்சேன். அதுக்குப் பொறவு எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரிதான். ஆஸ்பத்திரியில அஞ்சு வரிசை பெஞ்சு. வரிசைக்கு ஒரு மயினி. ரெண்டாவது பெஞ்சுல துண்டு போட்டு உக்காந்திருக்க பாட்டையா B. ரெண்டாவது பெஞ்சுக்கும் மூணாவது பெஞ்சுக்கும் நடுவுல நின்னு போன் பேசுதவன் C. ஒரு அம்மா எந்திரிச்சு முன்னால போனா பாட்டு கீழ எறங்குது. ஒரு நா டோக்கன் நாப்பத்தி மூணு சுடலைமுத்துன்னு கூப்பிடதுக்குப் பதிலா பாடியே கூப்பிட்டுட்டேன். அவரு வந்து கையக் கட்டிட்டு நின்னாரு.

ஜெமிலாவுக்கு ஒரே சந்தோசம். மத்த மூணு வரிசைக்கும் மைக் வச்சா, எனக்கு மட்டும் வேண்டாம்னுட்டா. அவ்வளவு நம்பிக்கை. நல்லா காத்து வரும்னு கடைசியா கதவுப் பக்கம் நிக்க வச்சு, "மூஞ்சிய லேசா வெளியப் பாத்து வச்சுக்கிடுங்க ஆன்ட்டி"ன்னா. பாசமான பிள்ள.

இப்பதான் வெனயே வருது. இந்தத் தாளப் பாருங்க. ஒரே அஞ்சு கோட்டுல ரெண்டு பேரு பாட்டும் இருக்கும். குண்டுல இருந்து குச்சி மேல பாத்து நின்னா டெனர், கீழ பாத்து தொங்குனா பேஸ். சாரும் நானும் ஒரே கோட்டுலதான் குடியிருக்கோம், எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நா சாயங்காலம் தோசைக்கல்லு காயட்டும்னு நிக்கேன், கையில தாளு. சரி, நம்ம சார் பாட்டயும்தான் படிப்போமேன்னு மேல் குச்சியா படிச்சுட்டுப் போறேன். மூணாவது வரி. அந்த ஏத்தம். தாள்ல C போட்டிருக்கு. சார் பாடுதது D. ஒரு படி கூட.

கண்ணு தப்பா இருக்கும்னு மறுபடி எண்ணுனேன். C தான். எனக்கும் அதே எடத்துல C தான், பியூலாவுக்கும் டெய்சிக்கும் நடுவுல. சாருக்கு உச்சியில, எனக்கு அடியில, ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து. இத்தன வருஷமும் பேஸ் பாடுன மூணு பேரும் சார் கூடவே தடவிட்டுப் போனதால யாருக்கும் தெரியல. நான் சரியாப் பாடுதேன், அவிய ஒரு படி ஏறிப் பாடுதாவ, அதான் ப்ராக்டீஸ்ல அந்த எடத்துல கல்லக் கடிச்ச மாதிரி ஒரு சத்தம். ஜெமிலாவுக்குத் தெரியும். கணக்கு சார்கிட்ட எப்பிடிச் சொல்லன்னு பயந்துகிட்டு ஆர்கன அமுக்கி வாசிச்சிருக்கா.

நான் வாய வச்சுகிட்டு சும்மா இருந்திருக்கணும். ரெண்டாவது தோசைய வைக்கும்போது சொல்லிட்டேன். "மூணாவது வரியில ஒரு நோட்டு நீங்க கூடப் பாடுதிய போல இருக்கு."

"அது அச்சுப்பிழை."

"ரெண்டு புஸ்தகத்துல பாத்தேன்."

"எப்சி, எங்கப்பா அதப் பாடும்போது இங்க புஸ்தகமே கெடையாது."

எனக்குக் கோவம் வந்துட்டு. தாள முன்னால வச்சு, "அப்ப அந்த நோட்டு எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க"ன்னேன். சார் கண்ணாடிய மாட்டுனாவ. வெரல நீட்டுனாவ. வெரலு தாளுக்கு மேல கொஞ்ச நேரம் சுத்துச்சு, பொறவு சொப்ரானோ கோட்டுல போயி உக்காந்துச்சு. அம்மா, அப்பதான் எனக்கு வெளங்குச்சு. எங்க சாருக்கு நோட்டு படிக்கத் தெரியாது. அவ்வளவும் கேள்வி ஞானம். அப்பா பாடுனதக் கேட்டு அப்பிடியே பாடுதாவ. இருபத்தஞ்சு வருஷம் தாள விரிச்சு வச்சுட்டு, அவியளும் ஒரு விதத்துல வாய அசைச்சுகிட்டுத்தான் நின்னிருக்காவ.

சந்தோசமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் குதிக்கலாம் போல இருந்துச்சு. பொறவு அவிய வெரல எடுக்காம அங்கயே வச்சிருந்ததப் பாத்தேன், எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. தோசையச் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாவ. மூணு நாளு பேச்சு கெடையாது. "சாவி எங்க," "தண்ணி வந்துட்டா," அவ்வளவுதான். கடைசி ப்ராக்டீஸுக்கும் வரல. அரையாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்தணும்னுட்டாவ.

நான் யோசிச்சேன். ஒரு நோட்டு. அதுக்காவ ஒரு மனுஷன அஞ்சு அக்காமாருக்கு முன்னால தலகுனிய வைக்கவா? சார் D பாடுனா நானும் D பாடிட்டாப் போச்சு. இடிக்காது. டெய்சி மேலயே போயி உக்காந்துக்கிடுவோம். என் தாள்ல அந்தக் குண்ட ரப்பர் வச்சு அழிச்சேன், ஒரு படி மேல வரைஞ்சேன். ஜெமிலாகிட்ட மட்டும் சொன்னேன். அவ என் கன்னத்தத் தொட்டு முத்தம் வச்சுகிட்டா.

கீத ஆராதனைக்குக் கூட்டம்னா கூட்டம். அஞ்சாவது பெஞ்சுல மயினிமாரு, ஞானம் இந்தக் கடைசியில, ஆக்னஸ் அந்தக் கடைசியில. நான் கதவுப் பக்கம். எனக்கும் சாருக்கும் நடுவுல கோயில்பிள்ளை அண்ணன் ஒருத்தர்தான். பாட்டு ஆரம்பிச்சு, மொத சரணம், மூணாவது வரி வந்துட்டு. பொம்பளைய ம்ம்ம்னு இழுக்காவ. நான் மூச்சப் பிடிச்சு, டெய்சி மேல நச்சுனு D.

சார் C பாடுனாவ.

தாள்ல போட்டிருக்க C. சுத்தமான C. நான் அவியளுக்காவ மாறிட்டேன், அவிய எனக்காவ மாறிட்டாவ. அந்தச் சத்தம் இருக்கே, தகரத்த ரோட்டுல இழுத்த மாதிரி. பாஸ்டர் ஐயா கீழ எதையோ தேடுத மாதிரி குனிஞ்சுகிட்டாவ. ஜெமிலா முதுகு ஆடுது. சரி, சார் திருந்திட்டாவ, ரெண்டாவது சரணத்துல நானும் திருந்திருவோம்னு C-க்கு வந்தேன். அந்த மனுஷன், ஐயோ எப்சி குழம்பிட்டா, நம்ம பழசுக்கே போயிருவோம்னு D-க்குப் போயிட்டாவ. மறுபடியும் தகரம்.

என்னால முடியலம்மா. சிரிப்பு வயித்துல இருந்து பொத்துக்கிட்டு வருது. சர்ச்சுல நிக்கோம், கையில மெழுகுவர்த்தி வேற. சாரைப் பாக்கேன், சார் மூஞ்சி செவந்து கெடக்கு, உதட்டக் கடிச்சுகிட்டு நிக்காவ. கல்யாணம் ஆன புதுசுலகூட நாங்க ரெண்டு பேரும் அப்பிடிப் பாத்துக்கிட்டது கெடையாது. மூணாவது சரணம் தொடங்கிட்டு. சார் லேசாச் சாஞ்சு கோயில்பிள்ளை அண்ணன் காதுல என்னமோ சொன்னாவ. அண்ணன் நம்ப முடியாம அவியளப் பாத்துட்டு, என் பக்கம் குனிஞ்சு சொன்னாவ, "எப்சி, பியூலாவுக்கும் டெய்சிக்கும் நடுவுலயாம்."

தையல் மிஷின் டிராயரு. பேப்பர் திருத்தலையாம்மா அவிய. அக்காமாரு பேர வச்சு நோட்டு படிச்சிருக்காவ.

மூணாவது வரி வந்துச்சு. ரெண்டு பேரும் C. அவிய உச்சியில, நான் அடியில. என்னத்தச் சொல்ல. எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்துச்சு. கோயில்பிள்ளை அண்ணன் பாடுறத விட்டுட்டு வாயத் தொறந்தபடிக்கு நிக்காவ. ஜெமிலா ஆர்கன்ல இருந்து கைய எடுத்துட்டா, பாட்டு அது பாட்டுக்கு விழாம நின்னுச்சு. நாலாவது சரணத்துலயும் அதே மாதிரி.

முடிஞ்சு வெளிய பந்தல்ல கேக்கும் டீயும் குடுத்தாவ. அஞ்சு மயினிமாரும் வந்து சாரைச் சுத்தி நின்னாவ. ஃப்ளோரா மயினிதான் கேட்டாவ. கண்ணுல கோவம் இல்ல, கலங்கித்தான் இருந்துச்சு. "தம்பி, அப்பா நோட்டு எங்கல? கடைசி ரெண்டு தடவயும் நீ அதப் பாடலியே."

நான் டீ கிளாஸக் கீழ வச்சுட்டேன். நாந்தான் தப்பாப் பாடிட்டேன்னு சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். சார் கையக் காட்டி நிறுத்துனாவ.

"அப்பா பாடுனது அப்பாவுக்குச் சரிக்கா. அப்ப கீழ ஆளு இல்ல. தனியா நிக்கவனுக்கு எந்த நோட்டும் சரியாத்தான் இருக்கும். இப்ப கீழ எப்சி நிக்கால்லா."

ஆக்னஸ் மயினி என்னைப் பாத்தாவ. தன் கேக்க ரெண்டாப் பிட்டு ஒரு துண்ட என் கையில வச்சாவ. நான் அழுவேன்னு எல்லாரும் எதிர்பாத்தாவ போல. எனக்கு அழுகை வரல, சிரிப்புதான் வந்துச்சு. அவ்வளவு நேரமும் சர்ச்சுக்குள்ள அடக்கி வச்ச சிரிப்பு. சிரிச்சேன். பந்தல்ல இருந்த பிள்ளைய எல்லாம் எந்திரிச்சு அம்மாமாரு கிட்ட ஓடிச்சாம், டீ அண்டா மூடி ஆடிச்சாம், கோயில்பிள்ளை அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாவ. நீங்க நம்பாதிய. மெதுவாத்தான் சிரிச்சேன்.